காய்ச்சல் லீவில் பார்த்த ஆந்தை

டோனல் பொய் சொன்னது ஒரு ஆந்தைக்காக. ஒகினுமா என்ற சின்ன ஊரில் அதற்கு முன் கழிந்த ஆறு வருஷத்தில் அவன் யாரிடமும் சொல்லும்படியான பொய் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலை. குதோ டீச்சர் பாடம் நடத்துவாள். இவன் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவான். பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லும். மத்தியானம் வகுப்பிலேயே பிள்ளைகளோடு சாப்பாடு. பிறகு அவர்களோடு குனிந்து தரை துடைப்பான். அயர்லாந்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கடலோர ஊரின் காற்றும் ஈரமும் அந்நியமாகத் தெரியவில்லை. இடுப்பளவு விழும் பனிதான் புதிது. அவன் பேரை அந்த ஊர் ஜப்பானிய வாயால் சொன்னால் 'கத்துறது' என்ற அர்த்தம் வந்துவிடும். "பேருதான் கத்துறவரு, கடைசி வரிசைக்குக் குரலே வராது" என்று பிள்ளைகள் வந்த புதிதில் சிரித்தார்கள். அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போவான். கூட வருவது தமாக்கி. வீடு வீடாக மண்ணெண்ணெய் ஊற்றும் லாரிக்காரன், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தீயணைப்புப் படையில் ஒரு குழுவுக்குத் தலைவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அறுத்த வயல் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, அன்னங்கள் நெல் தாளைக் கிளறித் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலைப் பொழுதுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். டோனலுக்கு அந்த ஊரில் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள இருந்தவன் அவன்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, தமாக்கி போன் செய்தான்.

"நின்னுட்டு இருந்தா உக்காரு."

"ஏன், என்ன ஆச்சு?"

"வடக்கே கரண்டு எடுக்கிற காத்தாடிங்க நிக்கிற கரை இருக்கில்ல, அங்க பனி ஆந்தை. என் மச்சான் லாரில வரப்போ பாத்திருக்கான். யாரோ வெள்ளைப் பையை வீசிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சானாம். பை தலையைத் திருப்பி அவனைப் பாத்துச்சாம்."

டோனல் சுவரில் சாய்ந்துகொண்டான். சின்ன வயசில் ஒரு புத்தகப் படத்தில் பார்த்த நாளிலிருந்து அவன் பார்க்க ஏங்கிய பறவை அது. துருவப் பக்கத்துப் பறவை; இந்தப் பக்கம் வழி தப்பி வந்தால்தான் உண்டு.

"நாளைக்குப் போலாமா?"

"நாளைக்கு எப்படி? ஊர் பூரா எண்ணெய்க்குச் சொல்லி வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை போவோம்."

"அதுவரைக்கும் இருக்குமா?"

"வியாழக்கிழமை பெரிய காத்துன்னு ரேடியோல சொல்றான். இருக்காது." பிறகு தமாக்கி சிரித்தான். "நீ வேணா காய்ச்சல்னு லீவு போடேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். டோனலுக்கு லீவு நிறையவே பாக்கி இருந்தது, நேராகவே கேட்டிருக்கலாம். துணைத் தலைமையாசிரியர் இவாபுச்சி காரணம் கேட்கிற ஆளில்லை. ஆனால் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஆசிரியர் அறையில் யாரும் லீவு எடுத்து அவன் பார்த்ததில்லை. குதோ டீச்சர் அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே வகுப்புக்கு வந்தவள். அப்படிப்பட்டவர்கள் நடுவில் போய் நின்று, ஒரு பறவையைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சின்ன வெட்கத்தைத் தாண்ட முடியாதவன்தான் போய்ப் பெரியதில் விழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் தொண்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி குரலை வைத்து இவாபுச்சிக்குப் போன் செய்தான்.

"காய்ச்சலா? எவ்வளவு?"

"முப்பத்தொன்பது."

"அடடா. தனியா வேற இருக்கீங்க. தண்ணி நிறையக் குடிங்க. ஹீட்டர் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க சார். போன வருஷம் தெக்குத் தெருவுல அப்படித்தான் புகை உள்ளயே தங்கி ஒருத்தர் போயிட்டார். வகுப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க, குதோ டீச்சர் பாத்துக்குவாங்க."

"மன்னிக்கணும்" என்றான் டோனல். போனை வைத்தபோது காது சூடாக இருந்தது. போனை அணைத்துக் காரின் முன்பெட்டியில் போட்டு மூடினான். டெலஸ்கோப்பையும் அதன் முக்காலியையும் பின் இருக்கையில் கிடத்திவிட்டு வடக்கே கிளம்பினான்.

ஆந்தை இருந்தது. கருப்புப் பைன் மரங்களைத் தாண்டி, மணலும் பனியும் கலந்து கிடந்த கரையில், அலைத் தடுப்புக் கட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. முதலில் அவனும் அதைப் பனி என்றே நினைத்துத் தாண்டிப் போனான். திரும்பி வந்து டெலஸ்கோப்பை வைத்தபோது இரண்டு மஞ்சள் கண்கள் பாதி மூடிய நிலையில் அவனைப் பார்த்தன. காற்று அடிக்கும்போது அதன் கால் இறகுகள் பூனை ரோமம் மாதிரி அசைந்தன. ஒருமுறை கொட்டாவி விட்டது. கடையில் வாங்கிய பன்னைத் தின்றுகொண்டு, விரல்கள் மரத்துப் போகும்வரை படம் எடுத்தான். கடைசியில் அது எழும்பி, சத்தமே இல்லாமல் அவன் தலைக்கு மேலாகச் சுற்றி, வேறு கட்டையில் போய் உட்கார்ந்தது. நாற்பத்தொரு வயசு மனுஷன் தனியாக நின்று கையைத் தட்டிச் சிரித்தான். வெயில் மஞ்சளாகும்வரை அவனுக்குத் திரும்ப மனசு வரவில்லை.

அந்த நேரத்தில் ஊரில் நடந்ததை அவன் பிற்பாடு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டான்.

இரண்டாவது பீரியட் முடிந்ததும் குதோ டீச்சர் அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அணைத்துக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் காய்ச்சலுக்குக் குடிக்கிற பானமும் கஞ்சியும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்திருக்கிறாள். மணி அடித்தும் பதில் இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி மோகி அம்மாவுக்குப் புகைக்குழாய் ஞாபகம் வந்து, மாற்றுச் சாவி போட்டுத் திறந்தாள். ஆள் இல்லை, காரும் இல்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பான் என்று இருவரும் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வரவில்லை. பக்கத்து டவுனில் கேட்டார்கள். அங்கேயும் இல்லை. வடக்கே வெயில் அடித்த அந்த நேரத்தில் ஊரில் கண் தெரியாத அளவுக்குப் பனி வீசிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலோடு ஒரு மனுஷன் அதில் காரை எடுத்திருக்கிறான். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சாலையோர வாய்க்காலில் கவிழ்ந்து பனி மூடிய கார்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

தீயணைப்புப் படைக்குச் சொல்லியாகிவிட்டது. டோஃபு கடைக்காரர் மியாகேதான் படைத் தலைவர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தச்சன், முடிவெட்டுகிறவர், பஞ்சாயத்து ஆபீஸ்காரர்கள் எல்லோரும் நீளக் கழிகளோடு வாய்க்கால் ஓரமாக வரிசையாக நடந்து பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இவாபுச்சி கோட்டு சூட்டோடு அவர்களோடு நடந்தார். குதோ டீச்சர் ஏதோ டயர் தடம் தெரிகிறது என்று குனிந்து பார்க்கப் போய், பனியடியில் இருந்த வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டாள். வலது கால் எலும்பு முறிந்தது.

எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த தமாக்கிக்குச் செய்தி அதற்கப்புறம்தான் போனது. ஓடி வந்தவன், ஆட்கள் தொடையளவு பனியில் இறங்கிக் கொண்டிருந்ததைப் பார்த்தான். தலைவரிடம் போய், "டோனல் இப்பதான் எனக்குப் போன் பண்ணான். அகிதா சிட்டி ஆஸ்பத்திரில இருக்கானாம். ஊசி போட்டாச்சாம்" என்றான்.

தேடல் நின்றது. "நல்லவேளை" என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். காய்ச்சல்காரன் திரும்பி வந்து காரை எங்கே நிறுத்துவான் என்று யாரோ கேட்க, கழிகளை வைத்துவிட்டு மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள்.

டோனல் பாடிக்கொண்டே திருப்பத்தில் வண்டியைத் திருப்பினான். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. தன் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்பதைக் கண்டதும் பாட்டு நின்றது. நிறுத்தும் இடம் தரை தெரியச் சுத்தமாக இருந்தது. மாடிப்படிகள்கூட ஒவ்வொன்றாகத் துடைத்த மாதிரி இருந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டே இறங்கினான்.

"வந்துட்டாரு, வந்துட்டாரு. ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னு தமாக்கி சொன்னப்புறம்தான் எங்களுக்கு உயிரே வந்துச்சு" என்றாள் மோகி அம்மா.

இவாபுச்சி முன்னால் வந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து விறைத்திருந்தது. "அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போயிருக்கீங்க. எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. பையை நான் எடுத்துட்டு வரேன், நீங்க மேல போங்க."

டோனல் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் பின் கதவைத் திறந்துவிட்டார். முக்காலியின் கால்கள் வெளியே நீட்டின. டெலஸ்கோப்பில் மணல் ஒட்டியிருந்தது. கேமரா வார் தொங்கியது. பின்னால் நின்ற தச்சனும் முடிவெட்டுகிறவரும் அதைப் பார்த்தார்கள். இவாபுச்சி ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அந்தக் கால்களை மெல்ல உள்ளே தள்ளி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

"காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. வந்த வார்த்தை வேறாக இருந்தது. "பரவாயில்லை. இறங்கிடுச்சு."

"நல்லது. ரெண்டு நாள் நல்லா ஓய்வெடுங்க."

எல்லோரும் தலை குனிந்து, "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. தமாக்கி மட்டும் இவன் பக்கம் திரும்பவே இல்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போனான். கடைசியாக நின்ற மோகி அம்மா, "உங்களைத் தேடப் போயிதான் பாவம் குதோ டீச்சர் காலை ஒடைச்சுக்கிட்டாங்க. நீங்க அதை நெனச்சு மனசை அலட்டிக்காதீங்க, காய்ச்சல் திரும்பிடும்" என்றாள்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவன் நோயாளியாக வீட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. கதவுக் கைப்பிடியில் யார் யாரோ பைகளை மாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றில் ஆப்பிள். ஒன்றில் கஞ்சி, தொட்டுக்கொள்ளப் புளிப்பான உமே பழ ஊறுகாய். இன்னொன்றில் இன்னும் சூடு ஆறாத டோஃபு. மியாகே கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். ஒரு பையில் முதல் வருஷப் பிள்ளைகள் வரைந்த படம்: தெர்மாமீட்டர் வாயில் வைத்த ஒரு சிவந்த முகம், கீழே தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சீக்கிரம் குணமாகும்படி வேண்டுதல். நல்ல உடம்போடு உட்கார்ந்து அவன் கஞ்சியைத் தின்றான். தின்னாமல் கொட்டுவதற்கும் மனசு வரவில்லை. கேமராவைத் திறந்து ஆந்தைப் படங்களை ஒன்றுவிடாமல் அழித்தான். அழித்து முடித்தும் மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனான். குதோ டீச்சர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் போயிடுச்சா?" வீட்டுப்பாடம் எங்கே என்று பிள்ளைகளைக் கேட்கிற அதே குரல்.

"எனக்குக் காய்ச்சலே இல்லை, டீச்சர்."

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. வாய்க்காலுக்குள்ள மல்லாந்து கெடந்தேனில்ல, அப்ப மேல அன்னங்க கூட்டமா கத்திக்கிட்டுப் போச்சு. அட, இந்த மனுஷன் பறவை பாக்கத்தானே போயிருப்பான்னு அப்பதான் உறைச்சுது. யார்கிட்டயும் சொல்றதுக்குள்ள என்னை வண்டில ஏத்திட்டாங்க. எனக்கு வந்த கோவத்துல கால் வலிகூடத் தெரியல."

டோனல் இடுப்பு மடிய வணங்கி அப்படியே நின்றான். "மன்னிச்சிடுங்க."

"அதை இப்பக் கேக்காதீங்க. இப்பக் கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சங்கடம். நிமிருங்க, முதுகு புடிச்சுக்கும்." அவள் ஒரு தாளைத் திருத்தி முடித்துவிட்டுக் கேட்டாள்: "என்ன பறவை?"

"பனி ஆந்தை."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க, காட்டுங்க."

"அழிச்சிட்டேன். எல்லாப் படத்தையும்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

குதோ டீச்சர் பேனாவைக் கட்டிலில் அடித்தாள். "என் கால் ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். அதுக்கு அந்த ஆந்தை மூஞ்சியையாவது பாத்திருப்பேன்ல? அதையும் அழிச்சிட்டு வந்து நிக்கிறீங்க! யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"நானும் பாத்திருப்பேன்" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, ஆரஞ்சை வாயில் போட்டுக்கொண்டு.

டோனலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "திங்கட்கிழமை இவாபுச்சி சார்கிட்ட, எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றான்.

அவள் முகம் மாறியது. "வேண்டாம்."

"ஏன்?"

"நேத்து அவர் இங்க வந்தப்பவும் காய்ச்சல்னேதான் சொன்னாரு, அதை அழகா மூடி வச்சிருக்காரு. நீங்க திறந்தா உங்க மனசு லேசாகும். மத்தவங்களுக்கு?" பிறகு விடைத்தாளைப் பார்த்தபடி சொன்னாள்: "மூணாம் வருஷப் பிள்ளைங்களுக்கு மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வருது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பயிற்சி குடுக்கிறதா இருந்தேன். இனி நீங்க குடுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது. அதைச் செய்யுங்க, போதும்."

அவன் பயிற்சியும் கொடுத்தான், திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையையும் சொன்னான். காய்ச்சல் இல்லை, பறவை பார்க்கப் போனேன், பொய் சொன்னேன், உங்கள் எல்லோரையும் பனியில் அலைய வைத்தேன், குதோ டீச்சரின் கால் என்னால் உடைந்தது. எங்கோ போன் அடித்தது. யாரோ எடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"சரி. உக்காருங்க" என்றார் இவாபுச்சி. அவ்வளவுதான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

இடைவேளையில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த அவரிடம் போய் டோனலும் ஒரு மண்வெட்டியை எடுத்தான். இருவரும் வாசல்படிவரை அள்ளினார்கள்.

"கார்க் கதவைத் திறந்தது நான்தான்" என்றார் இவாபுச்சி. "பாத்தேன். பாக்கலைன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். அது உங்களுக்காக மட்டும்னு நெனச்சீங்களா?"

டோனல் அள்ளுவதை நிறுத்தினான்.

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னு படைக்குச் சொன்னது தமாக்கி. குழுத் தலைவன். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல அவன் சொன்ன வார்த்தையை நம்பித்தான் தேடுறதை நிறுத்தினாங்க. நீங்க நெஜமாவே எங்கயாவது வாய்க்கால்ல கெடந்திருந்தா? எல்லாரும் உள்ளுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டு விட்டுட்டாங்க. இப்ப நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீங்க. இனிமே யாரும் தெரியாத மாதிரி இருக்க முடியாது. அவன் கதி என்னன்னு யோசிச்சீங்களா, சார்?"

யோசிக்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் சொன்னபோது தன் ஆசையை மட்டும் நினைத்தான். உண்மையைச் சொன்னபோது தன் மனபாரத்தை மட்டும் நினைத்தான். மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றவனுக்கு, முதல் வெட்கம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

அந்த வாரமே தமாக்கி குழுத் தலைவர் பொறுப்பை விட்டு இறங்கினான். படை கேட்கவில்லை, அவனாகச் சொல்லிவிட்டான் என்றார்கள். எண்ணெய் ஊற்ற லாரி வந்த அன்று டோனல் செருப்போடு பனியில் இறங்கி ஓடினான்.

"தமாக்கி."

"தொட்டில பாதி இருக்கு. ரொப்பிடறேன்." குழாயைச் சொருகிக்கொண்டே சொன்னான், திரும்பவில்லை.

"நான் உன் பேரைச் சொல்லல."

"சொல்லணுமா என்ன? நீ ஆஸ்பத்திரில இல்லேன்னா, இருக்கான்னு சொன்னவன் யாரு?" மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர் விழுந்தாச்சு. இருட்டுறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் விழுவாங்கன்னு பயமா இருந்துச்சு. ஆந்தை பாக்கப் போயிருக்கான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு வரல. லீவு போடுன்னு சொன்னவனே நான்தானே."

"நீ விளையாட்டுக்குத்தானே சொன்னே."

"ஆமா. நீ விளையாடலையே."

டோனலின் செருப்புக்குள் பனி உருகி ஓடியது. "ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

"கொஞ்ச நாள் வேண்டாம்" என்றான் தமாக்கி. குழாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நாட்களில் டோனல் இனிப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். போன இடத்தில் எல்லாம் அவர்கள் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். "நான்தான் கேக்கணும், சாவி போட்டுத் திறந்துட்டேனே" என்றாள் மோகி அம்மா. "உள்ள அப்படி ஒரு குப்பை. ஆனா நான் எதையும் பாக்கல." முடிவெட்டுகிறவர் மட்டும், "வாங்க ஆந்தை சார்" என்று சிரித்தார். அந்தப் பேர் பள்ளிக்கூடம்வரை போய் நிலைத்துவிட்டது. அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

கடைசியாக மியாகேயின் டோஃபு கடைக்குப் போனான். "தமாக்கி மேல தப்பில்லை. எல்லாம் என்னால" என்றான்.

மியாகே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "அது எங்க படைக்குள்ள. நீங்க வந்து பேச அதுல ஒண்ணும் இல்ல." இவன் தலை குனிந்து திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "வேலை ஏதாச்சும் செய்யணும்னு தோணுச்சுன்னா வாங்க. பேசுறதுக்கு வேண்டாம். படைல ஆள் பத்தல."

ஏப்ரலில் சேர்ந்தான். நீர்க்குழாய் கழுவுவது, காயவைப்பது, சுருட்டுவது, பம்புக்கு எண்ணெய் போடுவது. அதே கொட்டகையில் தமாக்கியும் இருப்பான். "அந்த முனையைப் புடி", "இன்னும் இழு" என்பதற்கு மேல் பேச்சில்லை. குதோ டீச்சர் கைத்தடியோடு பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் தேர்வில் தேறினார்கள். அவள் அவனிடம் பழையபடி பேசினாள். ஆனால் படி ஏறும்போது அவன் கை நீட்டினால் பிடிக்கமாட்டாள்.

ஜூன் மாதம் செகிகுச்சி என்ற கிழவர் மலைக்கு மூங்கில் குருத்துப் பறிக்கப் போனவர் சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் படை மலையேறியது. ஆள் உயரப் புதர் மூங்கில். ஒருவருக்கு ஒருவர் கைக்கெட்டும் தூரம் விட்டு, வரிசையாக, குத்திக் குத்தி நடந்தார்கள். நாலு அடி நடந்தால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பதில் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். வேலை முடிந்துவிடாதா என்று ஒருவரும் நினைப்பதாகத் தெரியவில்லை. டோனல் ஒவ்வொரு முறையும் கழியை மெதுவாகவே இறக்கினான், எதில் படுமோ என்று. அன்றைக்குப் பனியில் இவர்களும் இப்படித்தான் இறக்கியிருப்பார்கள்.

மேல் வரிசையிலிருந்து சீட்டி கேட்டது. ஓடைப் பள்ளத்தில், முழங்கால் பிசகி, பை நிறையக் குருத்தோடு கிழவர் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை.

"எதுக்குடா இத்தனை பேரு வந்தீங்க? வயல் வேலையை எவன் பாப்பான்?" என்று அவர் திட்டத் தொடங்கியதும் வரிசையே சிரித்தது. தச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிழவர் மேல் யாருக்கும் கோபமில்லை. டோனல் அந்த முகங்களைப் பார்த்தான். அன்று தன் வாசலில் கார் திரும்பியபோதும் இவர்கள் நிமிர்ந்தார்கள், யாரோ கையைக்கூடத் தூக்கினார்கள். தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் அவனுக்கு அப்போது தோன்றியது. உயிரோடு வந்துவிட்டான் என்று அவர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டதில் அந்த முகங்களை அவன் பார்க்கவே இல்லை. இத்தனை மாதம் கழித்து முகம் எரிந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிழவரைக் கட்டினார்கள். முன்பக்கம் தமாக்கி பிடித்தான். பின்பக்கம் பிடிக்க டோனல் போனான். தமாக்கி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "சரிவு வழுக்கும். குதிகால் ஊணி இறங்கு" என்றான்.

"ம்."

நாலடி இறங்கியதும் கிழவர் கத்தினார். "மெதுவாப் போங்கப்பா, என்ன மூட்டையா தூக்கறீங்க? பின்னாடி யாரு அது?"

"டோனல்."

"யாரு, ஆந்தைக்காரனா?"

"ஆமாம்."

"வழியில பறவை ஏதும் பாத்தா என்னைக் கீழ போட்டுட்டு ஓடிடாதப்பா."

முன்னால் தமாக்கியின் தோள்கள் குலுங்கின. வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. டோனலுக்குக் காது மடல்வரை சூடேறியது. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, அவன் சரிவில் இறங்கினான்.